நோர்வூட் தண்ணீர் எங்கே போகிறது?

சுற்றாடலைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் ஊரில் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "இங்க தண்ணிக்கு என்ன பஞ்சம்?" அந்தப் பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. வருடத்தில் பாதி நாள் குடையோடு நடக்கிற ஊர் இது. மலையிலிருந்து இறங்கி வரும் பீலித் தண்ணீருக்கு மீட்டரும் இல்லை, பில்லும் இல்லை. சிக்கனம் என்பது மன்னாரிலும் புத்தளத்திலும் இருப்பவர்கள் படிக்க வேண்டிய பாடம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இந்தத் தண்ணீரின் வழியை ஒருமுறை பின்தொடர்ந்து பார்ப்போம். பொகவந்தலாவைப் பக்கமிருந்து வரும் கெசல்கமுவ ஓயா நோர்வூட்டைக் கடந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுகிறது. அங்கே தேங்கிய தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்தின் டர்பைனைச் சுற்றிவிட்டு, நோர்ட்டன் பிரிட்ஜில் மறுபடி மறிக்கப்பட்டு, பழைய லக்ஸபானவுக்கு இறங்குகிறது. பிறகு மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்து களனி கங்கை ஆகிறது. அந்தக் கங்கையிலிருந்து அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்ததைத்தான் கொழும்பு குடிக்கிறது. மருதானையில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக் குழாயில் வருவதில் நம்மூர்க் கான் தண்ணீரும் ஒரு பங்கு.

ஆகவே கேள்வி இரண்டு. எவ்வளவு தண்ணீர் எடுக்கிறோம்? அதோடு எதைச் சேர்த்து அனுப்புகிறோம்?

முதல் கேள்வி மழை மாதங்களில் பெரிதாகத் தெரியாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயில் அடித்தால் தெரியும். எங்கள் மேட்டுத் தெருவுக்கும் கீழே உள்ள லயத்துக்கும் ஊற்று ஒன்றுதான். மேலே குழாய்கள் திறந்து கிடக்கும்போது கீழே பீலி நூலாகிவிடும். கொழுந்து பறித்துவிட்டு நாலு மணிக்கு வரும் பெண்கள் குடத்தை வைத்துவிட்டுக் காத்து நிற்பார்கள். நமக்கு மிச்சமாகத் தோன்றுவது அவர்களுடைய ஒரு மணி நேரம்.

நான் வீட்டுக் குழாயடியில் ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்றை வைத்து அளந்து பார்த்தேன். சாதாரணமாகத் திறந்தால் 12 செக்கனில் நிரம்புகிறது. அதாவது நிமிடத்துக்கு ஏழரை லீற்றர். வுழூச் செய்து முடிய ஒன்றரை நிமிடம் என்றால் 11 லீற்றருக்கு மேல். ஐந்து வேளைக்கு 55. நான்கு பேர் உள்ள வீட்டில் 220 லீற்றர். இதில் உடம்பில் பட்டது கொஞ்சம், மற்றதெல்லாம் நேரே கானுக்கு.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுழூவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையான தண்ணீரில் குளிப்பும் நிறைவேற்றியதாக அனஸ் (ரழி) வழியாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஒரு முத்து என்பது நடுத்தர மனிதரின் இரு கை நிறைய அள்ளும் அளவு. ஷாபிஈ மத்ஹபின் கணக்கில் முக்கால் லீற்றரையும் தொடாது. ஓடும் ஆற்றங்கரையிலும் வீண்விரயம் கூடாது என்ற பொருளில் வரும் இப்னு மாஜாவின் அறிவிப்பைத்தான் மேடைகளில் அதிகம் கேட்கிறோம். ஆனால் அதன் அறிவிப்பாளர் தொடரைப் பலவீனமானது என்றவர்கள் இருக்கிறார்கள். முத்துக் கணக்கில் அந்தச் சிக்கல் இல்லை. அதோடு அதை அளந்து பார்க்கவும் முடிகிறது. பயான்களில் இதைக் கூடுதலாகச் சொன்னால் நல்லது என்பது என் எண்ணம்.

சொல்வதோடு பழக்கம் வந்துவிடாது என்பதும் உண்மைதான். எங்கள் வீட்டில் இது நின்றது குளிரால். சுபஹு நேரத்தில் இங்கே குழாய்த் தண்ணீர் எலும்பைத் தொடும். உம்மாவின் காலத்துக் கெண்டியொன்று அலுமாரி மேல் கிடந்தது. அதை எடுத்து, தேத்தண்ணிக்கு வைத்த கேத்திலிலிருந்து பாதி சுடுதண்ணீரும் பாதி பச்சைத் தண்ணீருமாகக் கலந்து வைத்தோம். ஒன்றரை லீற்றர் பிடிக்கும். முத்து அளவுக்கு இரண்டு மடங்கு, பிள்ளைகளுக்கும் தாராளம். வாளி நிறையச் சுடவைக்கும் விறகும் மிச்சம். சுகமாக இருந்ததால் மற்ற வேளைகளுக்கும் கெண்டியே வந்துவிட்டது. நான்கு பேருக்கு நாளுக்கு 30 லீற்றர் போதுமாகிறது.

பழக்கம் எப்படி ஒட்டுகிறது என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை வைத்துப் பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். தினமும் நடக்கும் ஏதாவது ஒரு காரியத்தோடு புதிய செயலைச் சேர்த்துச் செய்யச் சொன்னார்கள். அது யோசிக்காமல் செய்யும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்கு 254 நாள் ஆகும் என்ற கணக்கும் வந்தது. இடையில் ஒரு நாள் தவறிப்போனால் பெரிய பாதிப்பில்லை. ரமழானில் தொடங்கியது பலருக்கும் பெருநாளோடு நின்றுபோவது ஏன் என்பதற்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது. முப்பது நாள் பலருக்குப் போதவில்லை. ஷவ்வால் ஆறையும் சேர்த்தாலும் பாதி தூரம்தான். வுழூவோ வருடம் முழுக்க இருப்பது. புதிய பழக்கத்தைக் கட்டிவைக்க இதைவிட உறுதியான கம்பம் எனக்குத் தெரியவில்லை.

பள்ளிவாசல்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. வுழூச் செய்து வடிந்த தண்ணீர் ஷாபிஈ மத்ஹபில் முஸ்தஃமல். அதைக்கொண்டு மறுபடி வுழூச் செய்ய முடியாதே தவிர, அது சுத்தமான தண்ணீர்தான். கழிவறைக்கோ தோட்டத்துக்கோ திருப்புவதில் தடை இல்லை. வுழூ எடுக்கும் இடத்தின் வடிகாலைக் கழிவறைக் கானோடு சேர்க்காமல் தனியாகப் பிரிக்க ஒரு குழாயும் இறக்கமும் போதும். இறக்கத்துக்கு நம்மூரில் குறையே இல்லை! பள்ளி வளவில் கோவாவும் லீக்ஸும் புதினாவும் அந்தத் தண்ணீரிலேயே வளரும்.

இனி இரண்டாவது கேள்வி. நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு அஸருக்குப் பிறகு பிள்ளைகள் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்கள். இப்போது கொதிக்கிற கஞ்சியைப் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறோம். வீட்டுக்கு ஒரு பை என்றால் முப்பது நாளுக்கு முப்பது. கஞ்சி ஒட்டிய பையைக் கழுவி யாரும் வைப்பதில்லை. அது கானுக்குப் போகிறது, கான் ஓயாவுக்குப் போகிறது. "வாளி கொண்டு வந்தவங்களுக்கு முதல்ல ஊத்துங்க, தம்பி. மற்றதெல்லாம் தானா சரியாகும்" என்று பள்ளியில் வயதான ஒருவர் சொன்னார். தடைகூடப் போடவேண்டியதில்லை, வரிசையை மாற்றினால் போதும் என்கிறார். நல்ல யோசனை.

சட்டமும் இருக்கிறது. 2017 சித்திரைப் புத்தாண்டு தினத்தில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து வீடுகளைப் புதைத்த பிறகு, அந்த வருடம் செப்டம்பர் 1 முதல் மெல்லிய பொலித்தீனும் லஞ்ச் ஷீட்டும் தடைசெய்யப்பட்டன. 2021 மார்ச் 31 முதல் உணவும் மருந்தும் அல்லாத சிறு சஷேக்களும், 2025 நவம்பர் 1 முதல் இலவச சொப்பிங் பேக்கும் நிறுத்தப்பட்டன. இந்தக் கடைசிச் சட்டம் வேலை செய்யும் என்று நம்புகிறேன். இங்கிலாந்தில் 2015இல் பைக்கு 5 பென்ஸ் வாங்கத் தொடங்கியதும் பெரிய சுப்பர் மார்க்கட்டுகளில் பைகளின் எண்ணிக்கை 80 வீதத்துக்கு மேல் விழுந்தது. ஐந்து பென்ஸால் யாரும் ஏழையாகவில்லை. "பை வேணுமா?" என்று கடைக்காரர் கேட்கும் அந்த நொடியில்தான் கை தயங்குகிறது.

அடுப்படியில் ஒன்று. மழைக்காலத்தில் ஈர விறகைப் பற்றவைக்கப் பொலித்தீன் துண்டைக் கொளுத்துவது இங்கே பல வீடுகளில் நடக்கிறது. புகை போக வழியில்லாத குசினியில் அதை முதலில் சுவாசிப்பது வீட்டுப் பெண்களும் மடியிலிருக்கும் பிள்ளையும். யூக்கலிப்டஸின் காய்ந்த இலையிலும் பட்டையிலும் எண்ணெய் இருக்கிறது. வெயில் நாளில் ஒரு சாக்கு பொறுக்கி அடுப்புக்கு மேலே கட்டி வைத்தால் மழைக்காலத்துக்கு உதவும். காசு செலவில்லை.

டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை பாவா ஆதம் மலைக்குப் போகும் வாகனங்கள் ஹட்டனிலிருந்து நம் கடைத்தெருவைத் தாண்டித்தான் நல்லதண்ணிக்குப் போகின்றன. அந்த மாதங்களில் விற்பதில் பாதி தண்ணீர்ப் போத்தல். வெறும் போத்தல் எங்கே விழுகிறது என்பது பாலத்தில் நின்று பார்த்தால் தெரியும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைக் குழாய் வைத்த பானையில் கடை வாசலில் வைத்து, கொண்டுவரும் போத்தலை நிரப்பிவிடுவது பற்றி இரண்டு மூன்று கடைக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். போத்தல் வியாபாரம் போய்விடுமே என்பது அவர்களுடைய கவலை, நியாயமான கவலை. ஒருவர் மட்டும் வேறு கணக்குப் போட்டார். தண்ணீருக்கு இறங்குகிறவர் அந்தக் குளிரில் ஒரு பிளேன்டீ குடிக்காமல் வாகனத்தில் ஏறமாட்டார் என்று. இந்த சீசனில் பானையை முதலில் வைப்பது அவர்தான்.