சாத்தான் வரும் நாவல் நம் வீட்டுக்கு ஏற்றதா?

சென்ற மாதம் நம் சங்கத்து நூல்நிலையத்தில் ஒரு சிறு வாக்குவாதம் எழுந்தது. எம்முடன் பணிபுரிந்த நண்பர் ஒருவர், மாற்றலாகிச் செல்லும்போது, தம்மிடமிருந்த ஆங்கிலப் புத்தகங்கள் சிலவற்றை நூல்நிலையத்துக்கு அன்பளிப்பாக அளித்துச் சென்றார். அவற்றுள் ஒன்று, ருஷ்ய எழுத்தாளர் மிகைல் புல்ககோவ் இயற்றிய ‘மாஸ்டரும் மார்கரீட்டாவும்’ என்னும் நாவலின் மொழிபெயர்ப்பு. அதைப் புரட்டிப் பார்த்த அம்மையார் ஒருவர், “சாத்தானே தலைமைப் பாத்திரமாக வரும் புத்தகத்தைக் குழந்தைகள் நடமாடும் இடத்தில் வைக்கலாமா?” என்று வினவினார். நியாயமான வினாவே. மேல்நாட்டு நாவல்களில் சிறிது பழக்கம் உண்டு என்று பெயர் வாங்கிய குற்றத்துக்காக, அதைப் படித்துக் கருத்துச் சொல்லும் பொறுப்பு எம் தலையில் சுமத்தப்பட்டது.

நாம் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி ரயில்வே குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். ஆகவே அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து வாரங்கள் படித்தோம். அன்றன்று படித்த பகுதியை இரவு உணவுக்குப் பின் எம் இல்லத்தரசிக்குத் தமிழில் சொல்லியும் வந்தோம். அவரும் நாமும் சேர்ந்து கண்ட முடிவையே இங்கு எழுதுகிறோம்.

கதை மாஸ்கோ நகரில் ஒரு வெப்பமான வசந்தகால மாலையில் தொடங்குகிறது. பெர்லியோஸ் என்னும் பத்திராசிரியர், ஓர் இளங்கவிஞனுடன் குளக்கரைப் பூங்காவில் அமர்ந்து, யேசு என்று ஒருவர் பிறக்கவே இல்லை என்று விளக்கிக்கொண்டிருக்கிறார். அப்பொழுது அயல்நாட்டார் ஒருவர் வந்து உரையாடலில் கலந்துகொள்கிறார். அவர்தாம் சாத்தான், பெயர் வோலண்ட். பத்திராசிரியரின் தலை துண்டிக்கப்படும் என்று அவர் சொல்கிறார். சற்று நேரத்தில், யாரோ சிந்திய எண்ணெயில் வழுக்கி விழுந்த பெர்லியோஸின் தலையை டிராம் வண்டி துண்டித்துவிடுகிறது. அதைக் கண்ட கவிஞன் மனநோய் மருத்துவமனையை அடைகிறான். இவ்வளவும் முதல் சில அத்தியாயங்களுக்குள் நடந்துவிடுகிறது.

இந்த வேகத்தைக் கண்டு நிமிர்ந்து உட்கார்ந்த இல்லத்தரசி, அடுத்த இரண்டு வாரங்களில் சலிப்படைந்துவிட்டார். நாடகக் கொட்டகையில் சாத்தானின் கூட்டத்தார் நோட்டுமழை பெய்விக்கிறார்கள். பின்னர் அந்நோட்டுகள் வெற்றுக் காகிதமாகின்றன. அதிகாரி ஒருவர் மறைந்துபோக, அவருடைய வெறும் உடுப்பு மட்டும் நாற்காலியில் அமர்ந்து காகிதங்களில் உத்தரவு எழுதுகிறது. பிறகு திரும்பி வந்த அதிகாரி, அந்த உடுப்பு எழுதிய உத்தரவுகள் அனைத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்கிறார்! அலுவலகத்தில் காலம் தள்ளும் நமக்கு இது சிரிப்பை மூட்டுகிறது. இறந்தவரின் குடியிருப்பைக் கைப்பற்றலாம் என்று கீவ் நகரிலிருந்து ரயிலேறி வரும் உறவினரின் கதையும் அப்படியே. குவார்ட்டர்ஸுக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்கு அதன் சுவை தெரியும். ஆயினும் ஒன்றன்பின் ஒன்றாக இத்தகைய கூத்துகளே வரும்போது, படிப்பவர் களைத்துப்போவது இயல்பு.

“புத்தகத்தின் பெயரில் பாதி அவளுடையது. பாதிப் புத்தகம் போயும் அவள் வரவில்லையே! காதல் கதை என்று சொல்லி என்னை ஏமாற்றிவிட்டீர்கள்” என்றார் இல்லத்தரசி. அவர் சொன்னதில் தவறில்லை. முப்பத்திரண்டு அத்தியாயங்களும் ஒரு முடிவுரையும் கொண்ட இந்நாவலில், மாஸ்டர் என்பவன் பதின்மூன்றாம் அத்தியாயத்தில்தான் தோன்றுகிறான். அவனும் அதே மருத்துவமனையில் நோயாளி. பிலாத்துவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, விமரிசகர்களால் வேட்டையாடப்பட்டு, அதை அடுப்பிலிட்டவன். மஞ்சள் மலர்களை ஏந்திவந்த ஒருத்தியைத் தெருவில் கண்டதையும், அவள் தன் நிலவறை வீட்டுக்கு நாள்தோறும் வந்து தான் எழுதுவதைப் படித்ததையும் கவிஞனிடம் கூறுகிறான். அவள் பெயரை மட்டும் சொல்ல மறுக்கிறான். மார்கரீட்டா தானே வந்து நிற்பது பத்தொன்பதாம் அத்தியாயத்தில்தான்.

இந்த ஏற்றத்தாழ்வான ஓட்டத்துக்குக் காரணம் ஆசிரியரின் வாழ்க்கையில் இருக்கிறது. புல்ககோவ் 1891-ஆம் ஆண்டு கீவ் நகரில் பிறந்தவர். தந்தையார் இறையியல் கல்லூரியில் ஆசிரியர். மகன் மருத்துவம் பயின்று, பின்னர் எழுத்துக்கு வந்தார். 1928-ஆம் ஆண்டு வாக்கில் இந்நாவலைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அவருடைய நாடகங்கள் அனைத்தும் மேடையிலிருந்து விலக்கப்பட்டன. 1930-இல் கையெழுத்துப் பிரதியைத் தாமே அடுப்பிலிட்டார். அவ்வாண்டு மார்ச்சு மாதம், வெளிநாடு செல்ல அனுமதியுங்கள், அன்றேல் பிழைக்க ஒரு வேலையேனும் தாருங்கள் என்று அரசாங்கத்துக்கு எழுதினார். ஏப்ரல் 18-ஆம் தேதி ஸ்டாலினே தொலைபேசியில் அழைத்துப் பேசினார். நாடக அரங்கில் வேலை கிடைத்தது. எழுதியவை அச்சேறும் வழி மட்டும் திறக்கவில்லை. 1931-இல் மாஸ்கோவின் மாபெரும் பேராலயம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கடவுளும் இல்லை, சாத்தானும் இல்லை என்று அரசாங்கமே போதித்த அந்நகருக்குத்தான் புல்ககோவ் சாத்தானை வரவழைத்தார்.

எரித்த கதையை அவர் மீண்டும் எழுதினார். 1932-இல் தம்மை மணந்த யெலேனா அம்மையாரைத் துணையாகக் கொண்டு மேலும் மேலும் திருத்தினார். சிறுநீரக நோயால் பார்வை மங்கிய நிலையிலும், மரணத்துக்குச் சில வாரங்கள் முன்வரை திருத்தங்களைச் சொல்லச் சொல்ல அம்மையார் எழுதினார். 1940 மார்ச்சு 10-ஆம் தேதி ஆசிரியர் மறைந்தார். திருத்தம் இறுதிவரை எட்டவில்லை. அதனால்தான் முடிவில் ஓரிடத்தில் காதலர் இருவரும் இறந்தவர்களாகவும், முடிவுரையில் காணாமற்போனவர்களாகவும் குறிக்கப்படுகிறார்கள். ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் அச்சத்தினிடையே எழுதப்பட்ட நூலில் நடை சீராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு?

கணவர் மறைந்தபின் கால் நூற்றாண்டுக்கும் மேலாக யெலேனா அம்மையார் அப்பிரதியைக் காத்தார். 1966 நவம்பரிலும் 1967 ஜனவரியிலும் ‘மாஸ்க்வா’ என்னும் மாத இதழில், பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுண்டு, அது வெளிவந்தது. முழு வடிவம் சோவியத் நாட்டிலேயே புத்தகமாக வந்தது 1973-இல். அதைக் காண அம்மையார் உயிரோடு இல்லை. அவர் 1970-இல் காலமானார். ஆசிரியர் வாழ்ந்ததும், கதையில் சாத்தான் தங்குவதுமான சதோவயா தெருவின் ஐம்பதாம் எண் குடியிருப்பு இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. இவ்வரலாற்றைக் கேட்டபின் இல்லத்தரசியின் மனத்தாங்கல் தணிந்தது. “அப்படியானால் அவள் தாமதமாக வந்தது சரிதான்” என்றார்.

தாமதமாக வந்தாலும் மார்கரீட்டா வீணே வரவில்லை. காதலன் உயிரோடிருக்கிறானா என்று அறியாதவள், அவனைப் பெறும்பொருட்டுச் சாத்தானின் நள்ளிரவு விருந்துக்கு அரசியாக இருக்க இசைகிறாள். கொலையாளிகளும் நஞ்சிட்டவர்களும் பிணக்கோலத்திலிருந்து எழுந்து வந்து அவள் முழங்காலில் முத்தமிடுகிறார்கள். அவர்களுள் பிரீடா என்னும் பெண், தான் பெற்ற சிசுவைக் கைக்குட்டையால் கொன்றவள். அந்தக் கைக்குட்டை ஒவ்வொரு காலையும் அவள் அருகில் வைக்கப்படுகிறது. விருந்து முடிந்ததும், வேண்டுவதைக் கேள் என்கிறான் வோலண்ட். ஒரே ஒரு வரம். காதலனைக் கேட்பாள் என்று நாம் காத்திருக்க, பிரீடாவுக்கு அந்தக் கைக்குட்டையை இனிக் காட்டாதிருக்கும்படி கேட்கிறாள்! அதன் பின்னரே, வோலண்ட் தானாக அளிக்கும் வாய்ப்பினால், மாஸ்டரும் எரிந்த கையெழுத்துப் பிரதியும் அவளுக்குக் கிடைக்கின்றன. இதைக் கேட்ட இல்லத்தரசி அன்றிரவு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

எம்மை உறங்கவிடாமற் செய்தது வேறொரு பகுதி. மாஸ்டர் எழுதிய கதை நாவலினூடே நான்கு அத்தியாயங்களாக வருகிறது. தாங்க முடியாத தலைவலியோடு பிலாத்து நீதி விசாரணை செய்கிறான். எதிரே நிற்கும் யேசுவா குற்றமற்றவர் என்று தெரிகிறது. பைத்தியம் என்று சொல்லி அவரைத் தப்புவிக்கவும் எண்ணுகிறான். அந்நேரம் எழுத்தர் இரண்டாவது ஓலை ஒன்றை நீட்டுகிறார். அதில் சீசருக்கு விரோதமான பேச்சு என்ற குற்றச்சாட்டு. பிலாத்து நடுங்குகிறான், தண்டனையை உறுதிசெய்கிறான். பன்னீராயிரம் பௌர்ணமிகள், தன் நாயுடன் கல்லிருக்கையில் அமர்ந்து, அந்த ஒரு நாளையே நினைத்துக்கொண்டிருக்கிறான். கோழைத்தனத்தைக் காட்டிலும் கொடிய தீமை இல்லை என்பதே அப்பகுதியின் சாரம்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், நாம் பணிபுரிந்த பார்சல் அலுவலகத்தில் ஒரு கட்டு காணாமற்போயிற்று. பழி ஒரு போர்ட்டர் மீது விழுந்தது. அவர் வேலை முடிந்து வீடு சென்ற பின்னரே அக்கட்டு வண்டியிலிருந்து இறங்கியது. அதை நாம் கண்ணால் கண்டோம். விசாரணையில் எம்மைக் கேட்டபோது, “நினைவில்லை” என்றோம். கைக்குழந்தையோடு புதிய ஊருக்கு மாற்றப்பட்டுவிடுவோமோ என்ற அச்சம். அவர் வேலை போயிற்று. எமக்கோ ஒரு கேடும் வரவில்லை. அதை நாம் மறந்துவிட்டதாகவே எண்ணியிருந்தோம். இந்த ருஷ்யப் புத்தகம் அதை எம் எதிரே கொணர்ந்து வைத்தது, பிரீடாவின் கைக்குட்டையைப் போல.

ஆகவே, அன்பர்களே, நூல்நிலையக் குழுவுக்கு நாம் கூறும் கருத்து இது. விவிலியக் கதையை அறிந்த நம் கிறிஸ்தவச் சகோதரர்கள், இது விவிலியத்தின்படி எழுதப்பட்டதன்று என்பதை உணர்ந்து படிக்க வேண்டும். குழந்தைகள் கைக்கு இது உகந்ததன்று. பெரியவர்களின் அலமாரியில் இருக்கட்டும். காதல் கதை என்று எடுப்பவர் பதின்மூன்றாம் அத்தியாயம் வரையிலாவது பொறுத்திருக்க வேண்டும். பதினேழு, பதினெட்டாம் அத்தியாயங்களில் சலிப்பு வந்தால், இரண்டு நாள் மூடிவைத்துவிட்டு மீண்டும் எடுங்கள். சாத்தான் வருகிறான் என்று அஞ்ச வேண்டா. இந்நூலில் அவன் செய்யும் பெரும்பாலான காரியம், மனிதர் மறைத்து வைத்திருப்பதை வெளிச்சத்தில் காட்டுவதே.

இறுதியில் பிலாத்துவை விடுதலை செய்வது மாஸ்டரின் ஒரு குரல். எம்மை விடுவிக்க அத்தகைய குரல் ஏதும் வராது. அந்தப் போர்ட்டரின் முகவரியைப் பழைய நண்பர் ஒருவர் வாயிலாக விசாரித்து, நாம் கண்டதைக் கண்டபடி எழுதி, எங்கு வந்து வேண்டுமானாலும் சொல்லச் சித்தமாயிருக்கிறோம் என்று குறித்து, சென்ற வாரம் கடிதம் அனுப்பினோம். இதை எழுதும் வரை பதில் வரவில்லை. புத்தகத்தை நூல்நிலையத்தில் திருப்பிச் சேர்த்துவிட்டோம், வேண்டுவோர் பெற்றுக்கொள்ளலாம்.