கூடினால்தான் விடுமுறை

மதுரைக்குச் செல்லும் வழி மூன்றாகப் பிரியும் இடமெனச் சிலப்பதிகாரம் காட்டும் கொடும்பாளூர் என் சொந்த ஊர். பொங்கலுக்குத் திருச்சியிலிருந்து அங்கு நின்றுகொண்டே பயணம் செய்தேன். "ஓய்வுபெற்றவர்தானே, கூட்டமில்லாத நாளில் வரலாமே ஐயா" என்றார் அருகில் நின்றவர்.

வரலாம். ஆனால் அன்று அண்ணன் மக்கள் திருப்பூரில் இருப்பார்கள். பால்ய நண்பர்கள் சென்னையில் இருப்பார்கள். விடுமுறையின் மதிப்பு, அது மற்றவர்க்கும் அதே நாளில் கிடைப்பதில் இருக்கிறது.

இதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. சோவியத் ஒன்றியம் 1929இல் ஆலைகள் இடையறாது இயங்குவதற்காகத் தொழிலாளரை ஐந்து பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு ஓய்வு நாளை ஒதுக்கியது. ஓய்வு நாள்களின் எண்ணிக்கை கூடியது. ஆயினும் கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு வேறொரு நாள் என்றானதால் குடும்பங்கள் குமுறின. 1940இல் ஞாயிறு விடுமுறை மீண்டும் வந்தது.

அன்று எங்களை ஏற்றிச்சென்ற ஓட்டுநருக்குப் பின்னர் மாற்று விடுப்பு கிடைக்கலாம். அந்நாளில் அவருடைய பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். ஆகவே பேருந்து, மருத்துவமனை, கடை எங்கும் பண்டிகைப் பணியைச் சுழற்சி முறையில் பகிர்வதே நியாயம்: இந்தப் பொங்கலுக்கு உழைத்தவருக்கு அடுத்த பொங்கல் வீட்டில் அமைய வேண்டும்.