உங்களுக்குத் தெரியுமா? – சாமிக்கு அளவு நம் விரலில்!

* சாமி சிலைக்கு அளவு எடுக்க, அதைச் செய்விப்பவரின் விரலே போதும்! நடுவிரலின் நடுக்கணு நீளத்துக்குச் சிற்ப நூல்களில் 'மாத்திராங்குலம்' என்று பெயர். செய்விப்பவர் விரலோ சிற்பியின் விரலோ, எதுவும் ஆகும். சிலையின் மொத்த உயரத்தை 124 பங்காக்கி, அதில் ஒன்றை அங்குலமாகக் கொள்ளும் உத்தம தசதாலம் வேறு கணக்கு. சிவன், திருமால் போன்ற பெருந்தெய்வங்களுக்கு அது. அம்மனுக்கு 120 பங்கு. வீட்டுக்குச் சாமி சிலை வேண்டுமா? கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே, சேலம் மாவட்டம் தம்மம்பட்டியில் மரச்சிற்பிகளின் உளியும் கொட்டாப்புளியும் இன்றும் ஓயவில்லை. அங்கே போனால், கண்ணில் பட்ட சிலையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். இஷ்ட தெய்வம் எது, பூஜை மாடம் எவ்வளவு உயரம் என்று சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். சில வாரம் காத்திருந்தால்தான் என்ன?

* மரத்தில் சாமியா என்று முகம் சுளிப்பவர்களுக்கு: காஞ்சிபுரம் அத்தி வரதர் மரத் திருமேனிதான். 40 ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளுவார். 2019இல் 48 நாள் தரிசனம் தந்தார். அடுத்து 2059!

* பச்சைமலைக்கு அந்தப் பக்கம், பெரம்பலூர் மாவட்டத்தில் அரும்பாவூர். அவ்வூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

* நெற்றிக்கு இடும் நாமக்கட்டிக்கும் புவிசார் குறியீடு உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் ஜடேரி கிராமத்துக் கட்டிக்கு 2023இல் கிடைத்தது. உள்ளங்கையில் நீர் விட்டு உரைத்து இடுவதற்கு இரண்டு நிமிடம் ஆகாது. அந்த இரண்டு நிமிடம் செல்போன் தொல்லையும் இல்லை, கை ஈரமாயிற்றே!

* பழனி மலைமேல் பக்தர்கள் இரவு தங்க முடியாது. சேலம் மாவட்டம் எடப்பாடியிலிருந்து காவடி எடுத்து நடந்துவரும் பருவதராஜகுலத்தாருக்கு மட்டும் விதிவிலக்கு. தைப்பூசம் முடிந்தபின் வந்து, ஓர் இரவு மலையிலேயே தங்குவார்கள். பஞ்சாமிர்தமும் தாங்களே செய்வார்கள், டன் கணக்கில்!

* வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து குலதெய்வத்துக்கு நேர்ந்து வைப்பது நம் பக்கத்து வழக்கம். செலவே இல்லாத நேர்த்திக்கடன் இது. உடம்பு தேறியதும் முடிச்சை மறந்துவிடுவதும் நம் வழக்கம்தான். சாமி மாடத்தில் பழைய முடிச்சு ஏதாவது கிடக்கிறதா என்று இன்றே பாருங்கள். கிடந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உண்டியலில் சேர்த்துவிடுங்கள்.