குளுக்கோமீட்டரைக் கணினியில் இணைக்கும் முன்

நீரிழிவு உள்ளவர் வீட்டில் சர்க்கரை அளவைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப்புத்தகம் இருப்பது வழக்கம். அதில் சில நாட்கள் விடுபட்டிருக்கும். சில எண்கள், மருத்துவரைக் காண வருவதற்கு முந்தைய இரவில் நினைவிலிருந்து நிரப்பப்பட்டிருக்கும். இதில் யாரையும் குறை கூறுவதற்கில்லை. நாள்தோறும் விரலைக் குத்திப் பார்ப்பதே பெரும் பொறுமையைக் கோரும் செயல். இக்காலத்துக் குளுக்கோமீட்டர்கள் பலவும் அந்த எழுத்து வேலையைத் தாமே செய்துகொள்கின்றன. ஒவ்வோர் அளவீடும் நாள், நேரத்துடன் அவற்றின் நினைவகத்தில் பதிகிறது. அவற்றுள் சிலவற்றை யுஎஸ்பி கேபிள் மூலம் வீட்டுக் கணினியில் இணைத்து, பல வார அளவீடுகளை ஒரே அட்டவணையாக அச்சிட்டு மருத்துவரிடம் தரலாம்.

ஆயினும் ஒன்றை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். கணினி, கருவியில் உள்ளதை அப்படியே படியெடுக்கிறது. அதிலுள்ள பிழையைத் தானே கண்டறிந்து திருத்துவதில்லை. ஆகவே கேபிளைக் கையில் எடுக்கும் முன் கருவியைச் சரிபார்ப்பதே முதற்பணி.

முதலில் கடிகாரம்

ஒருவர் காலை 6.30 மணிக்கு வெறும் வயிற்றில் பார்த்த அளவு 95. மாலை 6.30 மணிக்குப் பார்த்த அளவு 210. அவருடைய கருவியில் முற்பகலும் பிற்பகலும் இடம் மாறியிருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அச்சிட்ட அட்டவணையில், விடியற்காலை அளவு 210 என்றும் மாலை அளவு 95 என்றும் இருக்கும். அதைப் பார்க்கும் மருத்துவர் இரவு இன்சுலினைக் கூட்ட நினைப்பது இயல்பே. உண்மையில் காலையில் 95 மட்டுமே உள்ள அந்த உடலில், கூட்டிய மருந்து நள்ளிரவிலோ விடியற்காலையிலோ சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும். வீட்டார் உறங்கும் வேளை அது.

மின்கலம் மாற்றும்போது சில கருவிகளில் நாளும் நேரமும் அழிந்துவிடும். எனவே மின்கலம் மாற்றிய ஒவ்வொரு முறையும் அவற்றைச் சரிபாருங்கள். நேரத்தைத் திருத்தினால் இனி வரும் பதிவுகள்தாம் சரியாகும். பழைய பதிவுகள் பிழையான நேரத்துடனேயே இருக்கும். எந்த நாளிலிருந்து நேரம் சரியாக உள்ளது என்பதை அட்டவணையின் மேல் எழுதி மருத்துவரிடம் கூறுங்கள்.

கணினியின் கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில மென்பொருள்கள் கணினியின் நேரத்தையே கருவிக்கும் அளித்துவிடும். மேசைக் கணினியின் உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால், மின்சாரம் நின்று வரும்போது கணினி பழைய தேதியைக் காட்டும். அம்மின்கலத்தை மாற்றுவது எளிது, செலவும் குறைவு.

அலகும் ஆளும்

நம் நாட்டில் இரத்தச் சர்க்கரை, டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கூறப்படுகிறது. பிரிட்டன் போன்ற நாடுகளில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்பர். உறவினர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த கருவி 7 என்று காட்டினால் அஞ்ச வேண்டாம். அதை 18 ஆல் பெருக்கினால் நம் கணக்கில் 126. மென்பொருளிலும் அலகைத் தேர்ந்தெடுக்கும் இடம் உண்டு. கருவியிலும் மென்பொருளிலும் ஒரே அலகு இருக்கட்டும்.

ஒரு கருவியைக் கணவனும் மனைவியும் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் பல. விழுந்த துளி யாருடையது என்று கருவி அறியாது. இருவர் அளவும் ஒரே அட்டவணையில் கலந்துவிடும். ஆளுக்கொரு கருவி இருப்பதே நலம். விரலைக் குத்தும் ஊசியை ஒருபோதும் பகிரக் கூடாது.

இணைக்கும் முறை

தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து மட்டுமே மென்பொருளைப் பெறுங்கள். பெரும்பாலும் மென்பொருளை முதலில் நிறுவி, பிறகே கருவியை இணைக்க வேண்டும். உங்கள் கருவிக்கு உரிய வரிசை அதன் கையேட்டில் இருக்கும். இணைப்பு ஏற்பட்டதும் பல கருவிகளின் திரையில் அதற்கான குறியீடு தோன்றும். அந்நேரத்தில் விரலைக் குத்திச் சோதிக்க வேண்டாம். மின்சாரத்தில் ஓடும் கணினியுடன் கருவி இணைந்திருக்கையில், அதைக் கேபிளிலிருந்து கழற்றிய பின்னரே அளவு பார்ப்பது பாதுகாப்பானது. கணினிப் பெட்டியைத் தொட்டால் இலேசாக மின்சாரம் உணரப்படுமானால், எர்த் இணைப்பில் குறை இருக்கலாம். எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்யும் வரை அதில் எதையும் இணைக்காதீர்கள்.

கணினி கருவியை அறியாவிட்டால்

பதற்றம் வேண்டாம். கீழ்க்காணும் வரிசையில் பாருங்கள்.

முதலாவது, கேபிள். கைபேசிக்கு மின்னேற்றம் செய்யும் கேபிள்கள் சிலவற்றில் மின்சாரம் செல்லும் கம்பிகள் மட்டுமே உண்டு; தகவல் செல்லும் கம்பிகள் இரா. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கருவியுடன் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, போர்ட். பல போர்ட்டுகளாகப் பிரிக்கும் யுஎஸ்பி ஹப்பை விலக்கிவிட்டு, மேசைக் கணினியின் பின்புறம் உள்ள போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். முன்புறப் போர்ட்டுகள் உள்ளே ஒரு வயர் மூலமே மதர்போர்டுடன் சேர்கின்றன. அந்த வயர் தளர்ந்திருக்கலாம்.

மூன்றாவது, கருவியின் மின்கலம். அது வலுவிழந்திருந்தால் அளவு காட்டும் கருவியும் தகவல் அனுப்பத் தடுமாறலாம்.

நான்காவது, டிரைவர். கணினி ஒரு கருவியோடு பேசுவதற்கு உதவும் சிறு மென்பொருள் அது. விண்டோஸ் கணினியில் 'டிவைஸ் மேனேஜர்' என்ற பகுதியைத் திறந்தால், கருவியின் பெயருக்கு அருகே மஞ்சள் நிறத்தில் ஆச்சரியக்குறி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் டிரைவரை மீண்டும் நிறுவ வேண்டும். அங்கே பெயரே தோன்றவில்லையெனில், குறை பெரும்பாலும் கேபிளிலோ போர்ட்டிலோதான்.

ஐந்தாவது, ஏற்கெனவே திறந்திருக்கும் வேறொரு மென்பொருள் கருவியைப் பிடித்து வைத்திருக்கலாம். அதை மூடிவிட்டுக் கணினியை ஒருமுறை அணைத்துத் தொடங்குங்கள்.

இவ்வளவும் செய்து பயனில்லையெனில், கருவியையே மருத்துவரிடம் எடுத்து வாருங்கள். அதன் நினைவகத்திலுள்ள எண்களைத் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம். வெளியிடத்துக் கணினியில் இணைப்பதைத் தவிருங்கள். உங்கள் உடல்நிலைத் தகவல் அங்கேயே தங்கிவிடக்கூடும்.

அச்சிட்ட பின்பு

அட்டவணையிலுள்ள ஏதேனும் மூன்று எண்களைக் கருவியின் நினைவகத்துடன் ஒப்பிடுங்கள். எண், நாள், நேரம் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். 3/4 என்பது ஏப்ரல் 3 ஆ, மார்ச் 4 ஆ என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சில மென்பொருள்கள் மாதத்தை முதலில் எழுதும்.

உண்மையில் அளக்கும் உணரி, நாம் இரத்தத்தைத் தொட்டு வைக்கும் சோதனைப் பட்டையே. அதன் மேலுள்ள நொதி சர்க்கரையுடன் வினைபுரிய, அதில் எழும் நுண்ணிய மின்னோட்டத்தைக் கருவி எண்ணாக மாற்றுகிறது. ஈரம் புகுந்த பட்டையும், காலாவதியான பட்டையும் பிழையான எண்ணைத் தரலாம். பழம் உரித்த விரலைக் கழுவாமல் சோதித்தால், பழத்தின் சர்க்கரையும் கணக்கில் சேர்ந்துவிடும்.

இறுதியாக, திரையைவிட நோயாளியை நம்புங்கள். அட்டவணை எவ்வளவு அழகாக இருப்பினும், அவருக்கு வியர்வை, நடுக்கம், குழப்பம் தோன்றினால் உடனே அளவு பாருங்கள். 70க்குக் கீழ் இருந்தால், அல்லது பார்க்க இயலாவிட்டால், 15 கிராம் அளவு சர்க்கரையையோ குளுக்கோஸையோ கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். கணினியில் தேறாத கேபிளை நாளை பார்த்துக்கொள்ளலாம்.