ஏஐ-யிடம் பாட்டு கேட்பது எப்படி? காரைக்கால் அம்மையார் பதிகத்திலேயே ஒரு வழி இருக்கு!

ஆனி மாதம் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா, மாடியில் இருந்து மாங்கனி இறைக்கும் மக்கள் என ரீல்ஸுக்கு காட்சிகள் நிறைய. பின்னணி இசைக்கு சூனோ, யூடியோ போன்ற ஏஐ செயலிகளைத் திறந்து, ‘நல்ல தமிழ் பக்திப் பாட்டு’ என்று டைப் செய்தால் என்ன வரும்? எந்த ஊர் வீடியோவுக்கும் பொருந்துகிற பொதுவான ஒரு பாட்டு. அதில் காரைக்கால் இருக்காது.

தப்பு செயலியிடம் மட்டும் இல்லை. ‘நல்ல’, ‘இனிமையான’ என்ற சொற்களுக்கு ஒலி கிடையாது. ‘தவில்’ என்ற சொல்லுக்கு உண்டு.

அம்மையார் போட்ட பட்டியல்

6-ம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவராகக் கருதப்படும் காரைக்கால் அம்மையார், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் சிவனின் ஆட்டத்துக்கான இசையைச் சொல்கிறார். ‘அருமையான இசை’ என்று முடித்துவிடவில்லை. துத்தம், இளி என சுரங்களின் பெயர்கள். வீணை, மத்தளம், கொக்கரை, குடமுழா என கருவிகளின் பெயர்கள். பண் நட்டபாடை. நல்ல பிராம்ப்ட்டுக்கும் இதுதான் இலக்கணம்: பெயர் சொல்லிக் கேளுங்க.

பிராம்ப்ட்டில் என்ன எழுதணும்?

கருவி: ‘நாகஸ்வரம், இரண்டு தவில், ஜால்ரா’ என்று எழுதுங்கள். ஷெனாய் மாதிரி கேட்டால், ‘இரட்டைச் சீவாளி, கனமான, உரத்த ஒலி’ என்று சேர்க்கலாம்.

ராகம்: நட்டபாடையை இன்று கம்பீர நாட்டை என்கிறார்கள். சாமி புறப்பாட்டின்போது நாகஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரியும் இதே ராகம்தான். ராகப் பெயர் செயலிக்குப் புரியவில்லையா? ச, க, ம, ப, நி என்ற ஐந்து சுரங்களையும் மேற்கத்திய முறையில் சி, ஈ, எஃப், ஜி, பி என்று கொடுத்துப் பாருங்கள்.

தாளம், வேகம்: ஆதி தாளம் என்றால் 8 அட்சரம்; மிஸ்ர சாப்பு என்றால் 7. எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள். வேகத்துக்கு ‘நிமிடத்துக்கு 80 பீட், பிறகு இரட்டிப்பு’ போல எண் கொடுங்கள்.

இடம்: ‘திறந்தவெளி கோயில் ஊர்வலம்’ என்பதற்கும் ‘ஸ்டூடியோ பதிவு’ என்பதற்கும் ஒலி வேறு.

வேண்டாதவை: ‘குரல், சிந்தசைசர், டிரம்ஸ் வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள்.

இசைக் குறிப்பை ஆங்கிலத்திலும், பாடல் வரிகளை அதற்கான தனிக் கட்டத்தில் தமிழிலும் கொடுத்துப் பாருங்கள். எண்களையும் சுருக்கெழுத்துகளையும் சொல்லாகவே எழுதுங்கள். ழ, ள, ண உச்சரிப்பை காது கொடுத்துக் கேட்காமல் பதிவேற்ற வேண்டாம்.

முதல் முறையே சரியா வராது. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்க. ராகம், வேகம், கருவி மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும்.

பாடகர் பெயர் போடலாமா?

வேண்டாம். பாடகர் பெயரைச் செயலி மறுக்கலாம். ஏற்றுக்கொண்டாலும் அது இன்னொருவரின் குரல். 2024-ல் ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிரி எழுடா’ பாட்டில், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏஐ மூலம் கொண்டுவந்தார் ஏ.ஆர்.ரஹ்மான். குடும்பத்தினரிடம் அனுமதி வாங்கி, உரிய தொகையும் கொடுத்ததாக அவரே தெரிவித்தார். அதே ஆண்டு ஜூனில், தங்கள் பாடல்களை அனுமதியின்றிப் பயிற்சிக்குப் பயன்படுத்தியதாக சூனோ, யூடியோ மீது பெரிய இசை நிறுவனங்கள் அமெரிக்காவில் வழக்கு தொடுத்தன.

பெயருக்குப் பதில் குரலை விவரியுங்கள்: ‘நடுத்தர வயது ஆண், கனத்த குரல், நாட்டுப்புறப் பாணி’. கடை விளம்பரத்துக்கு என்றால், உங்கள் கணக்கில் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள்.

ஏஐ போதுமா?

30 விநாடி ரீல்ஸுக்குப் போதும். ஆனால் சாமி எந்தத் தெருமுனையில் நிற்கிறது என்று பார்த்து வாசிப்பை நீட்டவும் முடிக்கவும் மேளக்காரருக்குத்தான் தெரியும். வீட்டு விசேஷம் என்றால் டெல்டாவின் நாகஸ்வரக் கலைஞர்களையே கூப்பிடுங்க. அவர்கள் வாசிப்பதைக் கவனித்துக் கேட்டால், அடுத்த பிராம்ப்ட்டில் எதைப் பெயர் சொல்லிக் கேட்கணும் என்பதும் தெரிந்துவிடும்.