பழைய துவாரமும் புதிய ஷவரும்

குளியலறையில் பழைய ஷவரைக் கழற்றிவிட்டு, தட்டுப் போன்ற அகலமான ஷவர் ஒன்றைப் பொருத்த நினைக்கிறீர்கள். தரையையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. சுவரில் வரும் குழாயை எங்கு வேண்டுமானாலும் திருப்பலாம். டைல்ஸை எந்த நிறத்திலும் பதிக்கலாம். ஆனால் நீர் வெளியேறும் அந்தப் பழைய துவாரம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்கிறார். ஏன்?

துவாரத்தை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால், தளத்திற்குள் குழாயும் ஒரு மீட்டர் நீளவேண்டும். நீர் தானாக ஓட, 40-க்கு 1 என்ற வாட்டம் கொடுப்பதாகக் கொள்வோம். அந்த ஒரு மீட்டருக்குள் குழாய் 25 மில்லிமீட்டர் இறங்கியாக வேண்டும். மாடி வீட்டில் அந்த இறக்கத்துக்கு இடம் ஏது? கான்கிரீட்டை வெட்டுவது ஆபத்து. எனவே தரைதான் துவாரத்திற்கு இணங்க வேண்டும். ஒன்றரை மீட்டர் தொலைவிலுள்ள மூலை, 60-க்கு 1 வாட்டத்தில், துவாரத்தைவிட 25 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் போதும். பழைய தரைமேலேயே புது டைல்ஸ் ஒட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: தரை உயர்ந்த அளவுக்கு வாசற்படியின் தடுப்பு குறைந்துவிடும்.

இனி ஒரு சிறு கணக்கு. துவாரத்தை மூடும் சல்லடையின் திறந்த பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் என்க. பழைய ஷவர் நிமிடத்திற்கு 10 லிட்டர் பொழிகிறது. டாரிசெல்லியின் விதிப்படி, துளையில் நீர் பாயும் வேகம் அதன்மேல் நிற்கும் நீரின் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. துளையில் நீர்த்தாரை சுருங்குவதையும் கணக்கில் சேர்த்தால், சல்லடைமேல் சுமார் 4 மில்லிமீட்டர் நீர் நிற்கும். புதிய ஷவர் 20 லிட்டர் பொழிந்தால்? இரு மடங்கு, 8 மில்லிமீட்டர் என்றுதான் சொல்லத் தோன்றும். என் மாணவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். உண்மையில் நான்கு மடங்கு: 16 மில்லிமீட்டர்! தலைமுடி சேர்ந்து சல்லடையில் பாதி அடைத்துக்கொண்டால் அதுவும் நான்கு மடங்காகும். ஷவரின் விலையைக் கேட்குமுன் அதன் லிட்டர் கணக்கைக் கேளுங்கள்.

துவாரத்தின் அடியில் இருப்பது வெறும் குழாயன்று. கொத்தனார்கள் 'நானி டிராப்' என்று கூறும் வளைவு அங்கே உள்ளது. அதில் எப்போதும் தேங்கிநிற்கும் நீர், சாக்கடைக் காற்றைத் தடுக்கும் பூட்டு. கழிப்பறைக்கு இத்தகைய வளைந்த குழாயை அமைத்து 1775-இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கம்மிங்ஸ் என்ற கடிகாரக் கலைஞர். 50 மில்லிமீட்டர் ஆழமுள்ள நீர்ப்பூட்டு தாங்கக்கூடிய அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய இருநூற்றில் ஒரு பங்குதான். அவ்வளவு மெல்லிய பூட்டை நம்பித்தான் நாம் குளிக்கிறோம்!

என் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தரை மாற்றியபோது பழைய வளைவை எடுக்காமலேயே அதன்மேல் இன்னொரு புதிய வளைவைப் பொருத்திவிட்டார்கள். இரண்டு பூட்டு இருந்தால் இரட்டைப் பாதுகாப்புதானே என்று நானும் வாளாவிருந்தேன். இயற்பியல் கற்பிப்பவனுக்கு இது அழகன்று. இரு நீர்ப்பூட்டுகளுக்கும் நடுவே காற்று சிறைப்பட்டது. மேலிருந்து வரும் நீர் அதை அழுத்த, அது கீழ்ப்பூட்டின் நீரைத் தள்ளிக்கொண்டுதான் வெளியேற வேண்டும். துவாரம் 'களக், களக்' என்று மடக்கு மடக்காக நீரைக் குடித்தது. கணுக்கால் நனையத் தரையில் நீர் நின்றது. புது டைல்ஸ் இரண்டைப் பெயர்த்து, ஒரு வளைவை அகற்றிய பிறகே சரியாயிற்று.

பூட்டு இரண்டானால் தொல்லை, ஒன்றுமே இல்லாவிட்டால்? 2003-ஆம் ஆண்டு ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டோரை 'சார்ஸ்' நோய் தாக்கியது. ஆய்வாளர்கள் கண்ட காரணங்களில் ஒன்று, குளியலறைத் தரைத் துவாரங்களின் வளைவுகளில் நீர் வற்றிப்போயிருந்தது. காற்றை வெளியேற்றும் மின்விசிறி சுழன்றபோது அறையின் அழுத்தம் குறைந்தது. கழிவுக் குழாயிலிருந்த நுண்துளிகள் அவ்வழியே உள்ளே இழுக்கப்பட்டன.

கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படுகிறீர்களா? துவாரத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் விடுங்கள். நீரின்மேல் படரும் எண்ணெய்ப் படலம் ஆவியாதலைத் தடுக்கும். ஊரிலிருந்து திரும்பிய அன்று, முதல் குளியலிலேயே எண்ணெய் போய்விடும்.