ஒரு பாய்க்கு இருவர்

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதைக் கேட்டவர் சிலர். கேட்டதாகச் சொல்வோர் பலர். அந்த வாவி சூழ்ந்த நகரிலே, போர் நடந்துகொண்டிருந்த 1996ஆம் ஆண்டில், சிறுவர்களுக்கென்றே ஒரு கலைக்கூடம் திறக்கப்பட்டது. ‘வண்ணத்துப் பூச்சி சமாதானப் பூங்கா’ என்பது அதன் பெயர். நம் மாணவருள் எத்தனை பேர் அதனை அறிவர்?

அதனைத் தோற்றுவித்தோருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் கனடா நாட்டு ஓவியர் போல் ஹோகன். மற்றவர் இயேசு சபைத் துறவியும் உளவளத் துணையில் தேர்ந்தவருமான போல் சற்குணநாயகம் அடிகளார். ஹோகன் முன்னரே டொரன்டோ நகரில், உடற்குறையுள்ள சிறுவரும் ஏனையோரும் கூடி விளையாடவும் வரையவும் ஒரு தோட்டம் அமைத்தவர்.

இத்தகைய பூங்கா மட்டக்களப்புக்கு ஏன் வேண்டியிருந்தது? 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதமே சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர் கொல்லப்பட்டனர். ஒரே வாவியில் வலை வீசியோரும், ஒரே சந்தையில் நெல்லும் பாயும் விற்று வாங்கியோரும், ஒருவர் ஊருக்கு மற்றவர் செல்ல அஞ்சினர். அந்த அச்சத்திலே வளர்ந்த பிள்ளைகளுக்கு அடுத்த ஊர்ப் பிள்ளையின் பெயரும் தெரியாது. இவர்களைத்தான் பேருந்தில் ஏற்றி வந்து ஒன்றாக அமர்த்தினார்கள்.

பிள்ளைகள் களிமண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், வேண்டாமென்று எறிந்த பொருட்களைக் கொண்டு உருவங்கள் சமைத்தார்கள், கதை கட்டி நடித்தார்கள். இரு சமூகங்களையும் சேர்ந்த உள்ளூர் இளைஞர் உடனிருந்தனர். ஒரே மண் குவியலில் கை வைத்திருக்கும் இருவர் தண்ணீர் கேட்கவாவது பேசத்தானே வேண்டும்!

போர் 2009இல் முடிந்தது. ஆயினும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கைவினை கற்பிக்க முனைவோர் அப்பூங்காவை மறத்தல் ஆகாது. இதனை நான் பிழை செய்தே கற்றேன் என்பதை மறைப்பானேன்? சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறைக் காலத்தில் ஒரு வகுப்பு நடத்தினேன். பனையோலைப் பெட்டி, சிரட்டை அகப்பை, காகிதப் பூ என்று நேர்த்தியான ஏற்பாடு. முதல் வாரமே கண்காட்சி வைத்துப் பரிசும் கொடுத்தேன். மறுவாரம் பரிசு பெற்ற மூவரும் வந்தார்கள். ஏனையோருள் பாதிப் பேரைக் காணோம். தன் கோணற் பெட்டியை நாலு பேர் முன்னிலையில் வைக்க நேர்ந்த பிள்ளை மறுபடியும் ஏன் வருவான்?

சென்ற விடுமுறையில் கண்காட்சியும் இல்லை, பரிசும் இல்லை. பன்பாய் இழைப்பதில் கைதேர்ந்த முதிய முஸ்லிம் மாது ஒருவரை அழைத்து வந்தோம். நீர்நிலை ஓரத்தில் விளையும் பன்னை வெட்டிக் காயவைத்து, சாயம் தோய்த்து, இழைக்குமுன் நீர் தெளித்துப் பதப்படுத்த வேண்டும். பதம் தவறினால் ஒடியும். அதனை அவர் வாயால் சொல்லவில்லை. உலர்ந்த பன்னையே பிள்ளைகள் கையில் கொடுத்து, ஒடியட்டும் என்று பார்த்திருந்தார். பின்னர் ஒரு பாய்க்கு இருவராக அமர்த்தினார்.

“பாய் ஆருக்கு உம்மா?” என்று ஒரு பையன் கேட்டான்.

“முதல்ல இழைச்சி முடிங்க மனே, புறகு பாப்பம்” என்றார் அவர்.

விடுமுறை முடிந்தது, பாய் முடியவில்லை. அரைகுறையான நான்கு பாய்கள் வகுப்பறை மூலையில் சுருண்டு கிடக்கின்றன. கேள்வி கேட்ட பையனும் அவன் கூட்டாளியும் தெருவில் என்னை வழிமறித்து, “சேர், சனிக்கிழமை திறப்பீங்களா?” என்கிறார்கள்.